வங்கக் கடலைத் தாண்டி வரும் தோடி

பினாங்கில் கடலுக்கடியிலிருந்து ஒரு கம்பி கரையேறுகிறது. உள்ளே தலைமுடித் தடிமனில் கண்ணாடி இழைகள். வளைகுடா நாடுகளையும் இந்தியாவையும் இலங்கையையும் மலேசியாவோடு பிணைக்கும் ‘பே ஆஃப் பெங்கால் கேட்வே’ என்ற அந்தக் கம்பியின் மொத்த நீளம் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர். சென்னையிலும் அது கரையேறுகிறது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கும் பினாங்குக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். கணக்குப் போட்டால், ஒளி அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு நொடியில் எண்பதில் ஒரு பங்கு போதும்.

இதே கடலை எஸ்.எஸ். ரஜூலா கப்பல் 1926 முதல் 1973 வரை நாட்கணக்கில் கடந்துகொண்டிருந்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறியவர்கள் பினாங்கில் இறங்கி, பேராக், கெடா தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். ஊர்ப் பாட்டு அவர்கள் நெஞ்சில் வந்தது. வசதியுள்ளவர்கள் பெட்டியில் இசைத்தட்டாகவும் வந்தது.

பினாங்கு எல்லைக்குத் தெற்கே, கிரியான் ஆற்றங்கரையில் இருக்கிறது பாரிட் புந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிபோங் திபால். சுற்றிலும் நெல்வயல், அதற்கப்பால், ஒருகாலத்தில் பால்மரம் நின்ற இடங்களில் இன்று செம்பனை. காலையில் இங்கிருந்து பட்டர்வொர்த்துக்குக் கொம்யூட்டர் ரயில் ஏறுகிற ஒருவர், காதில் செவிப்பொறியைச் செருகிக்கொண்டு பழைய சென்னைக் கச்சேரி ஒன்றைக் கேட்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சபா மேடையில் யாரோ பதிவு செய்தது. எந்த நிறுவனமும் வெளியிடாதது. ஸ்பாட்டிஃபையில் தேடினால் கிடைக்காது. தன்னார்வலர்கள் நடத்தும் சங்கீதப்ரியா போன்ற தளத்தில் கிடைக்கும். வணிகப் பதிவுகளை ஏற்பதில்லை என்ற விதியோடு, ரசிகர்கள் தந்த கச்சேரிப் பதிவுகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும் தளம் அது. அதைக் கேட்க எதையும் நிறுவ வேண்டியதில்லை. உலாவியைத் திறந்து முகவரியைத் தட்டினால் போதும்.

அந்தத் தட்டலுக்குப் பிறகு நடப்பது, பார்க்கப் பார்க்க அலுக்காத வித்தை.

குறுந்தட்டின் தரத்தில் ஒலியை எண்ணாக்கினால் ஒவ்வொரு நொடிக்கும் 44,100 மாதிரிகள், அதுவும் இடது காதுக்கு ஒரு வரிசை, வலது காதுக்கு ஒரு வரிசை. இரண்டு மணி நேரக் கச்சேரி ஏறத்தாழ 1.27 கிகாபைட் ஆகிவிடும். இதை அப்படியே அனுப்ப முடியாது. காது எதைக் கேட்காதோ அதைத் தூக்கிப் போடுவதுதான் வழி. தவில் ஓங்கி ஒலிக்கும் கணத்தில், அதன் அருகே ஒலிக்கும் மெல்லிய ஓசைகளைக் காது தவறவிடுகிறது. உரத்த ஒலி தன் பக்கத்திலிருக்கும் அதிர்வெண்களை மறைத்துவிடுகிறது. தனக்குச் சற்று முன்னும் பின்னும் ஒலிப்பவற்றையும் மறைக்கிறது. மறைந்துபோவதை எண்ணில் எழுதி அனுப்புவானேன்? ஜெர்மனியில் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வாளர்கள் உருவாக்கிய எம்பி3 இந்த உண்மையின் மேல் நின்றது. 2012இல் தரப்படுத்தப்பட்ட, யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய ‘ஓபஸ்’ முறையும் காதின் அதே இயல்பை நம்பித்தான் இயங்குகிறது. அதில் நொடிக்கு 96 கிலோபிட் என்று வைத்தால், 1.27 கிகாபைட் கச்சேரி சுமார் 86 மெகாபைட்டுக்குச் சுருங்கும்.

நம் தாள வாத்தியங்கள் இந்தச் சுருக்கும் நிரல்களுக்குக் கடும் சோதனை வைப்பவை. நிரல் ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துத்தான் சுருக்கும். எம்பி3இல் ஒரு துண்டு ஏறத்தாழ 26 மில்லிநொடி. அமைதியில் தொடங்கும் துண்டு ஒன்றின் நடுவே தவிலின் வலந்தலையில் அடி விழுந்தால், சுருக்கும்போது நேரும் பிழை துண்டு முழுக்கப் பரவி, அடி விழுவதற்கு முன்பே ஒரு மெல்லிய சிராய்ப்பாகக் கேட்கும். நல்ல நிரல் அப்படி ஓர் அடி வரப்போவதை முன்கூட்டியே கண்டு, அந்த இடத்தில் துண்டைப் பொடிப்பொடியாக நறுக்கிக்கொள்கிறது. தனி ஆவர்த்தனம் முழுக்க இந்த நறுக்கல் நடந்துகொண்டே இருக்கும்.

சுருக்கிய ஒலி முழுதாக வந்து சேரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்.எல்.எஸ். முறையில் பாட்டு சில நொடித் துண்டுகளாக வெட்டப்படுகிறது. 6 நொடி என்பது வழக்கமான அளவு. ஒவ்வொரு துண்டும் இரண்டு மூன்று தரத்தில் வழங்கியில் தயாராக இருக்கும். ரயில் ஒரு கைப்பேசிக் கோபுரத்தின் எல்லையிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது வேகம் குறைந்தால், கைப்பேசி அடுத்த துண்டைச் சிறிய வடிவில் கேட்டு வாங்கிக்கொள்ளும். கேட்பவர் கவனிப்பதற்குள் தரம் இறங்கி, மறுபடி ஏறிவிடுகிறது. 1906இல் கட்டிய புக்கிட் மேரா நீர்த்தேக்கம் மழையில்லாத நாளிலும் கிரியான் வயல்களுக்கு வாய்க்காலில் தண்ணீர் விடுவதைப் போல, முன்கூட்டியே வந்து தேங்கிய துண்டுகள் சமிக்ஞை அறுந்த இடைவெளியிலும் பாட்டை ஓடவிடுகின்றன.

இதுவரை சொன்னது செயலிக்கும் இணையத்துக்கும் பொது. வேறுபாடு இனித்தான் வருகிறது.

செயலிக் கடையிலிருந்து இறக்கி நிறுவும் செயலி, கைப்பேசியின் இயங்குதளத்தோடு நேரடியாகப் பேசுகிறது. ஐபோனுக்கு ஸ்விஃப்ட், ஆண்ட்ராய்டுக்கு கோட்லின் என்று அந்தந்த மேடைக்கான மொழியில் எழுதப்படுகிறது. ‘திரை அணைந்தாலும் நான் பாடிக்கொண்டிருப்பேன்’ என்று முன்பே அனுமதி பெற்றுவைக்கும். தனக்கென்று ஒரு சேமிப்பறை வைத்துக்கொண்டு ஐம்பது கச்சேரிகளை அதில் அடுக்கிவிடும். இணையச் செயலி அப்படியில்லை. அது ஓர் இணையப் பக்கம். உலாவியின் தயவில் வாழ்வது. திரையைப் பூட்டியதும் பாட்டு நின்றுபோவது பழைய நாட்களில் சாதாரணம்.

2015இல் உலாவிகளுக்குள் ‘சர்வீஸ் ஒர்க்கர்’ என்ற சிறு நிரல் வந்ததும் நிலைமை மாறியது. பக்கத்துக்கும் வலைக்கும் நடுவே அது உட்காருகிறது. பக்கம் எதைக் கேட்டாலும் முதலில் இதனிடம்தான் கேட்கும். கையில் இருந்தால் கொடுக்கும். இல்லையென்றால் வலைக்குப் போய் வாங்கி வந்து, ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். இணைப்பே இல்லாத இடத்திலும் பக்கம் திறக்கிறதென்றால் இதனால்தான். 2017இல் ஆண்ட்ராய்டின் குரோம் உலாவியில் இன்னொரு வசதி சேர்ந்தது: பூட்டிய திரையிலேயே பாட்டின் பெயர், பாடகர், நிறுத்தும் பொத்தான் எல்லாம் தெரியும். ஐபோன் 2018இல்தான் சர்வீஸ் ஒர்க்கரை ஏற்றது. முகப்புத் திரையில் வைத்த இணையச் செயலியில் பின்னணியில் பாட்டு ஓடுவதற்கு அதன் பிறகும் சில ஆண்டுகள் சிக்கல் நீடித்தது.

சேமிப்பில் இணையத்தின் கை இன்றும் தாழ்ந்தே இருக்கிறது. 2020 முதல் ஐபோனின் சஃபாரி உலாவியில், ஏழு நாள் தொடாத தளம் சேமித்துவைத்தவை அழிக்கப்படலாம். முகப்புத் திரையில் நிறுவிக்கொண்டால் மட்டும் விலக்கு. வலையே எட்டாத இடத்துக்கு நிறையக் கச்சேரிகளைச் சுமந்துபோக வேண்டியவருக்குச் செயலிதான் சரி. அதை மறுப்பதற்கில்லை.

இருந்தும், சிறுபான்மை ரசனைக்கான இசைச் சேவைகளுக்கு இணையமே இயல்பான வீடு என்பது என் உறுதியான எண்ணம். காரணம் தொழில்நுட்பத்தைவிடப் பட்டியலில் இருக்கிறது.

பெரிய இசைச் சேவைகளின் பட்டியல் மேற்கத்தியப் பாப் இசைக்காகப் பிறந்தது. பாட்டு, கலைஞர், ஆல்பம் என்று மூன்று கட்டம். தியாகராஜரின் ‘எந்தரோ மகானுபாவுலு’வைப் பல தலைமுறைப் பாடகர்கள் பாடியிருக்கிறார்கள். அதில் ‘கலைஞர்’ யார், தியாகராஜரா, பாடியவரா? ஸ்ரீராகம் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஆதி தாளம் எங்கே? வயலினும் மிருதங்கமும் வாசித்தவர்கள் எங்கே? ‘இன்னாருடைய மிருதங்கத்தோடு அமைந்த தோடி ராகப் பதிவுகளை மட்டும் காட்டு’ என்று ஒரு ரசிகர் கேட்டால் அந்த மூன்று கட்டத்தால் பதில் சொல்ல முடியாது. தோடியை ஆங்கில எழுத்தில் டோடி என்றும் தோடி என்றும் தோடீ என்றும் விதவிதமாக எழுதி வைத்திருப்பதால், தேடல் பாதி வழியிலேயே விழுந்துவிடுகிறது. ஆகவே சிறிய சேவையின் உண்மையான சொத்து அதன் பட்டியல். ராகம், தாளம், இயற்றியவர், பாடியவர், பக்கவாத்தியம், சபா, ஆண்டு என்று அறிந்தவர்கள் கைப்பட நிரப்பிய கட்டங்கள்.

மேற்கத்தியச் செவ்வியல் இசையும் இதே இடத்தில்தான் முட்டியது. பெர்லினின் இடாஜியோ, ஆம்ஸ்டர்டாமின் பிரைம்ஃபோனிக் ஆகிய சேவைகள் இயற்றியவர், நடத்துநர், இசைக்குழு, தனிவாத்தியம் என்று பட்டியலைப் புதிதாகக் கட்டின. பணம் பிரிப்பதிலும் ஒரு மாற்றம் செய்தன. வழக்கமான சேவையில் 30 நொடி கேட்டாலே ஒரு கேட்பு என்று எண்ணிக்கையில் ஏறிவிடும். மூன்று நிமிடத் திரைப்பாட்டுக்கும் நாற்பது நிமிட ராகம் தானம் பல்லவிக்கும் ஒரே எண்ணிக்கை. இவ்விரு சேவைகளும் கேட்ட நொடிகளை எண்ணிப் பணம் கொடுத்தன. நீண்ட இசைக்கு இதைவிட நியாயமான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. 2021 ஆகஸ்டில் ஆப்பிள் பிரைம்ஃபோனிக்கை வாங்கியது. சேவை செப்டம்பர் 7ஆம் தேதி மூடப்பட்டது. அந்த இடத்தை நிரப்ப வேண்டிய ‘ஆப்பிள் மியூசிக் கிளாசிக்கல்’ வந்தபோது 2023 மார்ச் ஆகிவிட்டது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டு, அந்தக் கட்டங்களை நம்பியிருந்த சந்தாதாரர்களுக்கு வெற்றிடம்.

பட்டியல் நன்றாக அமைந்துவிட்டால் அதற்கு மேல் என்ன செய்யலாம் என்று காட்டியது பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகம். 2011இல் அங்கே சாவியர் செர்ரா தலைமையில் ‘காம்ப்மியூசிக்’ என்ற ஆய்வு தொடங்கியது. கர்நாடக இசை, இந்துஸ்தானி, துருக்கிய மகாம், அரபு-அந்தலூசிய இசை, பெய்ஜிங் ஓப்பரா என்று ஐந்து மரபுகளைக் கணினி கேட்டுப் புரிந்துகொள்ளும் வழிகளை அந்தக் குழு தேடியது. கர்நாடக இசையில் அவர்களுக்கு எதிர்ப்பட்ட முதல் கேள்வியே சுருதி. பியானோவில் ‘சி’ என்றால் எங்கும் ஒரே இடம். நம் சட்ஜமோ பாடகருக்குப் பாடகர் வேறு. ஆகவே கணினி முதலில் தம்புராவின் தொடர் ஒலியைப் பிடித்து, ஸா எங்கே நிற்கிறது என்று கண்டுகொள்ள வேண்டும். அதன் பிறகுதான் மற்றச் சுரங்களின் இடம் தெரியும். பாடகரின் குரல் எந்தெந்த உயரத்தில் எவ்வளவு நேரம் தங்கியது என்று எண்ணி வரைந்தால் மலைத்தொடர் போன்ற கோடு கிடைக்கும். கமகம் அசைக்காத சுரம் கூரிய சிகரமாக நிற்கும். தோடியின் காந்தாரம் அசைந்துகொண்டே இருப்பதால் அதன் சிகரம் அகன்று படர்ந்து கிடக்கும். கேட்டு உணர்ந்ததைக் கண்ணால் பார்க்கும் இன்பம் அது. இந்த வரைவுகளையெல்லாம் ‘துனியா’ என்ற இணையச் செயலியில் வைத்தார்கள். பதிவு ஓடும்போது குரலின் ஏற்ற இறக்கம் உலாவிக்குள்ளேயே கோடாக வளைகிறது.

அதே ஆய்விலிருந்து கிளைத்த பெங்களூர் நிறுவனம் ‘ரியாஸ்’ என்ற பாட்டுப் பயிற்சிச் செயலியைச் செய்தது. அது கைப்பேசிச் செயலியாக வந்ததில் நியாயம் உண்டு. பாடுகிறவர் சுருதியில் நிற்கிறாரா என்று உடனுக்குடன் சொல்ல வேண்டும். ஒலிவாங்கியிலிருந்து திரைக்கு வர சில பத்து மில்லிநொடி தாமதமானாலும் பாடுகிறவர் தடுமாறுவார். வன்பொருளுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005இல் அறிமுகப்படுத்திய ‘செல்லினம்’ தமிழ் உள்ளீட்டுக்கும் அதே நியாயம் பொருந்தும். தட்டச்சுப் பலகை கைப்பேசிக்குள் குடியிருந்தே ஆக வேண்டும். கேட்பதற்கும் தேடுவதற்கும் அந்த நெருக்கம் தேவைப்படுவதில்லை.

இணையப் பக்கத்தின் தனிச் சிறப்பு அதன் முகவரி. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு முகவரி. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பெறுபவர் எந்தக் கைப்பேசி வைத்திருந்தாலும் திறக்கும். முகவரியின் வாலில் சின்னமும் எண்ணும் சேர்த்து, 2,580ஆம் நொடியிலிருந்து தொடங்கு என்றுகூடச் சொல்லலாம். 43ஆம் நிமிடத்தில் தொடங்கும் தனி ஆவர்த்தனத்துக்கு நேராகப் போய்விடும். உலாவி முழுக் கோப்பையும் இறக்குவதில்லை; முன்பு சொன்ன 96 கிலோபிட் ஓபஸ் கோப்பென்றால், சுமார் 3 கோடியே 10 லட்சமாவது பைட்டிலிருந்து கொடு என்று வழங்கியிடம் கேட்கிறது, வழங்கி அங்கிருந்து கொடுக்கிறது. அவ்வளவுதான். செயலியிலும் இணைப்பு அனுப்பலாம். ஆனால் பெறுபவரிடம் அந்தச் செயலி இல்லாவிட்டால் பெரும்பாலும் ‘முதலில் நிறுவு’ என்ற பலகைதான் முன்னால் நிற்கும். அறுபது வயது அத்தை அந்தப் பலகையைத் தாண்ட மாட்டார்.

செயலிக்குச் செலவும் உண்டு. ஆப்பிள் கடையில் இடம்பெற ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர், கூகளுக்கு ஒருமுறை 25. இரண்டு மேடைக்கும் நிரல் எழுதி, இயங்குதளம் மாறும்போதெல்லாம் திருத்த வேண்டும். 2017 செப்டம்பரில் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் செயலிகள் எல்லாம் ஒரே நாளில் இயங்காமல் போயின. திருத்த ஆளில்லாத சிறு செயலிகள் அப்படியே மறைந்தன. செயலிக்குள் சந்தா வாங்கினால் கடைக்காரருக்கும் ஒரு பங்கு; அது 30 விழுக்காடு வரைகூடப் போகும். ஸ்பாட்டிஃபையே இந்தப் பங்கையும் கடையின் விதிகளையும் எதிர்த்து ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டு, 2024 மார்ச்சில் ஆப்பிளுக்கு 180 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. அத்தனை பெரிய நிறுவனமே வழக்காடித்தான் நியாயம் கேட்க வேண்டியிருந்தது. ஐந்து தன்னார்வலர்கள் என்ன செய்வார்கள்?

விந்தை என்னவென்றால், 2007இல் ஐபோன் வந்தபோது ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியாருக்குக் காட்டிய வழி இணையச் செயலிதான். செயலிக் கடை 2008 ஜூலையில் வந்தது. 2024 தொடக்கத்தில் ஐரோப்பாவில் முகப்புத் திரை இணையச் செயலிகளை முடக்கப்போவதாக ஆப்பிள் அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் மார்ச் 1ஆம் தேதி பின்வாங்கியது. இணையமும் அமரத்துவம் பெற்றதல்ல. பழைய தமிழ்ப் பாட்டுத் தளங்களில் ரியல்பிளேயர் கோப்பாகக் கிடந்தவை இன்று எந்த உலாவியிலும் நேரடியாக ஓடாது. ஃப்ளாஷில் கட்டியவை 2020 முடிவோடு நின்றன. ஒருவரின் தனிச் சொத்தான வடிவத்தில் வைத்ததெல்லாம் போயிற்று. உலகத் தரமாக ஏற்கப்பட்ட எம்பி3 இன்றும் பாடுகிறது.

இதையெல்லாம் பாரிட் புந்தாரை மனத்தில் வைத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மலேசியத் தமிழ்ப் பாட்டில் பெயர் பெற்றது தப்பிவிடும். யோகி பியும் நட்சத்திராவும் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ எங்காவது ஒலித்துக்கொண்டே இருக்கும். வானொலியில் மின்னலும் ராகாவும் இருக்கின்றன. தோட்டக் கோயில் திருவிழாவில் ஒலித்த உறுமி மேளம் எங்கே போகும்? வளைகுச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த முனகல், கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் பாதிகூட வராது. அது வீடுகளில் கேசட்டாகக் கிடக்கிறது. பெரிய சேவையில் ஏற்றினாலும், 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறை கேட்கப்படாத பாட்டுக்குப் பணம் கிடையாது. ‘எந்தத் தோட்டம்’ என்று எழுத அங்கே கட்டமும் கிடையாது.

ஒரு மணி நேரக் கேசட்டை ஆவணத் தரத்தில், நொடிக்கு 96,000 மாதிரிகளாக, 24 பிட்டில் எண்ணாக்கினால் சுமார் 2 கிகாபைட். அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கேட்பதற்கு 43 மெகாபைட் ஓபஸ் பிரதி ஒன்றை இணையப் பக்கத்தில் போடலாம். பக்கத்தில் சில கட்டங்கள் போதும்: தோட்டம், கோயில், திருவிழா, ஆண்டு, உறுமி அடித்தவர், தவில் அடித்தவர், பாடியவர், பதிவு செய்தவர். தமிழ் எழுத்திலேயே நிரப்பலாம். யூனிகோட்டில் எழுதியது எந்தக் கைப்பேசியிலும் தேடக் கிடைக்கும். கேசட்டை எண்ணாக்கும் கருவியை அடுத்த ஆண்டுகூட வாங்கிக்கொள்ளலாம். தவில் அடித்தவர் யார் என்ற கட்டத்தை நிரப்ப, அந்தத் திருவிழாவில் நின்று கேட்ட ஒருவரிடம் இந்த ஆண்டே போய்க் கேட்க வேண்டும்.